பூட்ஸைக் கழற்றிய பிறகு ஏஜென்ட் ஆக நினைப்பவர்களுக்கு

முப்பது வயதைத் தாண்டிய கால்பந்து ஆட்டக்காரர்கள் என்னைப் பார்க்க வந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் சுற்றி வளைத்து ஓரிடத்தில்தான் வந்து நிற்கும். "அண்ணா, இன்னும் ஒரு சீசன், மிஞ்சிப்போனால் ரெண்டு. அதுக்கப்புறம் நானும் ஏஜென்ட் ஆயிடலாம்னு இருக்கேன். எனக்குத்தான் எல்லாரையும் தெரியுமே." அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எல்லாரையும் தெரிந்திருப்பது நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அது முதல் போன் அழைப்பு வரைக்கும்தான் உதவும். இரண்டாவது அழைப்பை எடுக்கவைப்பது வேறு சில விஷயங்கள், அவற்றில் பாதியை மைதானம் யாருக்கும் கற்றுத்தருவதில்லை.

நான் பின்கள ஆட்டக்காரன். பெரிய பெயர் எடுத்தவன் இல்லை, நடுத்தரக் கிளப்களில் ஆடி, அந்தச் சம்பளத்தில்தான் குடும்பத்தை நடத்தினேன். முழங்கால் இனித் தாங்காது என்று டாக்டர் சொன்னதும் நிறுத்திக்கொண்டேன். அப்புறம் இந்த ஏஜென்ட் தொழில், அதாவது ஆட்டக்காரர்கள் சார்பில் கிளப்களோடு ஒப்பந்தம் பேசும் வேலை. இப்போது ஆடிய காலத்தைவிட இதில்தான் அதிக காலம் கழிந்திருக்கிறது, ஆடியபோது இருந்த அதே ஆசையோடுதான் இதையும் செய்கிறேன்.

ஆட்டக்காரர்கள் இந்தப் பக்கம் வருவது புதிதொன்றும் இல்லை. டென்மார்க்கின் சோரன் லெர்பி அயாக்ஸிலும் பயர்ன் மியூனிக்கிலும் ஆடியவர், பின்னாளில் வெஸ்லி ஸ்னைடரின் ஏஜென்டாக இருந்தார். அதே நாட்டின் மிக்கேல் பெக் மிடில்ஸ்பரோவில் முன்கள ஆட்டக்காரர், அவரும் ஏஜென்ட் ஆனார். ஜெர்மனியின் தோமஸ் க்ரோத் அப்படித்தான். போர்ட்டோவோடும் பார்சிலோனாவோடும் சாம்பியன்ஸ் லீக் வென்ற டெகோ, ஓய்வுக்குப் பிறகு பல ஆண்டுகள் ஏஜென்டாக இருந்துவிட்டு 2023-ல் பார்சிலோனாவின் விளையாட்டு இயக்குநராகப் போனார். சரி, அப்படியானால் ஆடியிருப்பதுதான் தகுதி என்று நினைத்துவிட வேண்டாம். ஜார்ஜ் மென்டிஸ் எந்தப் பெரிய கிளப்பிலும் ஆடியவர் இல்லை. மீனோ ரயோலா குடும்ப உணவகத்தில் வேலை பார்த்து வளர்ந்தவர். இந்தத் தொழிலில் உச்சத்துக்குப் போன இரண்டு பெயர்கள் அவை.

முதலில் லைசென்ஸ் கதையைச் சொல்லிவிடுகிறேன், பலரும் சறுக்குவது அங்கேதான். 2015 ஏப்ரலில் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா பழைய லைசென்ஸ் முறையைக் கைவிட்டு, 'இடைத்தரகர்' என்று பதிவு செய்துகொண்டாலே போதும் என்று கதவைத் திறந்துவிட்டது. அந்த எட்டு ஆண்டுகளில் யார் யாரெல்லாமோ உள்ளே வந்தார்கள். புதிய விதிகள் 2023 ஜனவரியில் வந்தன, அந்த ஏப்ரலில் முதல் தேர்வு நடந்தது. ஒரு மணி நேரத்தில் இருபது கேள்வி, 75 சதவீதம் எடுத்தால்தான் தேர்ச்சி. முன்பெல்லாம் வக்கீலுக்கும் பெற்றோர், உடன்பிறந்தவர் போன்ற நெருங்கிய சொந்தக்காரருக்கும் லைசென்ஸ் தேவை இல்லை என்ற விலக்கு இருந்தது. இப்போது அந்த விலக்கும் போய்விட்டது. தம்பிக்காகப் பேசப் போகும் அண்ணனும் தேர்வு எழுதித்தான் ஆகவேண்டும்.

ஆட்டக்காரர்களுக்கு இந்தத் தேர்வு ஏன் கஷ்டமாக இருக்கிறது என்றால், கேள்விகள் கால்பந்தைப் பற்றியவை அல்ல. ஒரு பையன் எந்த வயதில் எந்த நாட்டில் பதிவாகியிருந்தான், அவன் மாறினால் அவனைச் சின்ன வயதில் பயிற்றுவித்ததற்கான பயிற்சி இழப்பீடு யாருக்கு, ஒப்பந்தத்தின் நடுவே டிரான்ஸ்பர் ஆகும்போது அவனை வளர்த்த கிளப்களுக்குப் பிரித்துக்கொடுக்கும், டிரான்ஸ்பர் தொகையின் ஐந்து சதவீதம் எந்தெந்தக் கிளப்புக்கு எவ்வளவு என்று கணக்குப்போடச் சொல்வார்கள். நான் உட்கார்ந்து படித்த விதம் இதுதான்: ஒவ்வொரு விதியையும் நான் நேரில் பார்த்த ஒரு ஆட்டக்காரரின் கதையோடு சேர்த்துப் படித்தேன். சம்பளம் வராமல் தவித்த நண்பன் ஒருவன் உண்டு. இரண்டு மாதச் சம்பளம் பாக்கி விழுந்தால், கிளப்புக்கு எழுத்தில் தெரிவித்து, பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து, அதற்குள்ளும் வரவில்லையென்றால் நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம் என்ற விதியை அவன் முகத்தோடு சேர்த்துப் படித்தேன், இன்றுவரை மறக்கவில்லை. அந்த நாளில் அவனுக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை. எழுதிக் கொடுக்காமலே கோபத்தில் பயிற்சிக்குப் போவதை நிறுத்தினான், கிளப் அதையே அவன் மீது குற்றமாகத் திருப்பியது.

இன்னொன்று. கிளப்பின் ஊழியராக இருந்துகொண்டு ஏஜென்ட் லைசென்ஸ் வைத்திருக்க முடியாது. அதனால் 'ஆடிக்கொண்டே பகுதிநேரமாக ஆரம்பிக்கிறேன்' என்று வருகிறவர்களுக்கு என் பதில், ஆடும் வரை ஆடு, படிப்பதை மட்டும் இப்போதே தொடங்கு என்பதுதான்.

இப்போது வேலையின் நடுமையத்துக்கு வருகிறேன். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் ஏஜென்ட் வேலை என்றால் டிரான்ஸ்பர் தொகை, கேமரா, விமான நிலையம் என்று நினைப்பார்கள். என் அனுபவத்தில் இது பெரும்பாலும் காகிதம் படிக்கிற வேலை. ஆடியவனுக்கு இதில் ஒரு பெரிய கை கொடுப்பு உண்டு: அந்தக் காகிதத்தில் எழுதியிருக்கிற வரி, டிரெஸ்ஸிங் ரூமில் எப்படி நடக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

ஒரு நடுக்கள ஆட்டக்காரருக்கு வந்த வரைவு ஒன்றைச் சொல்கிறேன். லீக்கில் 25 போட்டிகளில் தொடக்கப் பதினொருவரில் இடம்பெற்றால் ஒரு நல்ல போனஸ், அதோடு ஒப்பந்தம் அதே சம்பளத்தில் தானாக இன்னொரு வருடம் நீளும் என்று இருந்தது. அவருக்கு ஒரே சந்தோஷம். முந்தைய சீசனில் முப்பதுக்கு மேல் ஆடியவர், 25 என்ன பெரிய எண் என்று கேட்டார். நான் ஆடிய காலத்தில் இந்த மாதிரி வரி என்ன செய்யும் என்று கண்ணால் பார்த்திருக்கிறேன். சீசன் முடியப் போகும் நேரம், எண்ணிக்கை 23-ஐத் தொட்டிருக்கும். திடீரென்று ஆள் பெஞ்சுக்குப் போவார். கோச் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார், 'கொஞ்சம் ஓய்வு எடு' என்பார். முடிவு கோச்சுடையது இல்லை, மாடியிலிருந்து, அதாவது கிளப் நிர்வாகத்திடமிருந்து வந்தது. ஆட்டக்காரரோ தன் ஆட்டத்தில் என்ன குறை என்று யோசித்து யோசித்து தூக்கம் கெடுவார்.

அந்த வரைவை வைத்துக்கொண்டு மூன்று விஷயம் கேட்டேன். 'தொடக்கப் பதினொருவர்' என்பதை '45 நிமிடமோ அதற்கு மேலோ ஆடினால்' என்று மாற்ற வேண்டும், கோப்பைப் போட்டிகளும் சேர வேண்டும். கிளப்புக்காக ஆடும்போது காயம் பட்டால் அந்த வாரங்களைக் கழித்து எண்ணிக்கை குறைய வேண்டும். போனஸ் ஒரே எண்ணில் தொங்காமல் 10, 15, 20 என்று படிப்படியாகப் பிரிய வேண்டும். எதிரே இருந்த விளையாட்டு இயக்குநர் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பேனாவின் மூடியைத் திறந்தார், மூடினார். யாரும் பேசவில்லை. ஆட்டக்காரர் பொறுக்கமுடியாமல் வாயைத் திறக்கப் போனார், மேசைக்குக் கீழே அவர் முழங்காலில் கை வைத்து நிறுத்தினேன். கடைசியில் இயக்குநர் 25-ஐ அடித்துவிட்டு ஓரத்தில் 20 என்று எழுதினார். படிப்படியான போனஸும் காயத்துக்கான கழிவும் வந்தன, கோப்பைப் போட்டி வரவில்லை. நான் அதோடு விட்டுவிட்டேன், எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு எழுந்தால் அடுத்த முறை அந்த அறையில் யாரும் நம்மிடம் நேராகப் பேசமாட்டார்கள்.

இதே மாதிரி நின்று படிக்க வேண்டிய வரிகள் இன்னும் உண்டு. சம்பளத் தொகை வரிக்கு முன்பா, பின்பா? 'ஒரு வருடம் நீட்டிக்கும் உரிமை' யாருக்கு, கிளப்புக்கு மட்டுமா? அப்படியென்றால் நீட்டிக்கும் வருடத்தின் சம்பளம் ஏறுமா, எந்தத் தேதிக்குள் கிளப் எழுத்தில் சொல்ல வேண்டும்? அணி கீழ் லீக்குக்கு இறங்கினால் சம்பளம் குறையும் என்று போட்டிருந்தால், அதே நிலையில் ஆட்டக்காரர் குறிப்பிட்ட தொகைக்கு வெளியேறும் வழியும் இருக்க வேண்டும், ஒரு கை மட்டும் கட்டப்பட்டிருக்கக் கூடாது. காயம் பட்டால் கிளப் டாக்டரைத் தவிர இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்கும் உரிமையை நான் எப்போதும் எழுதச் சொல்வேன். இதற்குப் பணம் செலவில்லை, அதனால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். ஆனால் அறுவைசிகிச்சையா, ஊசி போட்டு ஆடுவதா என்று முடிவெடுக்க வேண்டிய நாளில் அந்த ஒரு வரி மொத்தச் சம்பளத்தைவிட முக்கியமாகிவிடும். ஊசி போட்டுக்கொண்டு ஆடியவன் சொல்கிறேன்.

மருத்துவப் பரிசோதனை பற்றியும் சொல்ல வேண்டும். 'கையெழுத்துப் போடு, பரிசோதனையில் தேறாவிட்டால் ஒப்பந்தம் செல்லாது' என்று சில கிளப்கள் எழுதிக் கொண்டுவரும். ஃபிஃபாவின் டிரான்ஸ்பர் விதிகளின்படி ஒப்பந்தத்தின் செல்லுபடியை மருத்துவப் பரிசோதனை மீதோ வேலை அனுமதி மீதோ தொங்கவிடக் கூடாது. பரிசோதனையைக் கிளப் முன்னாலேயே செய்துகொள்ள வேண்டும். இது தெரியாத பையன் பழைய கிளப்பிலிருந்து விலகி, புதிய கிளப்பும் கைவிட்டு நடுத்தெருவில் நிற்பான்.

கிளப்கள் ஆட்டக்காரர்களைப் பதிவு செய்ய அனுமதிக்கும் டிரான்ஸ்பர் காலத்தின் கடைசி நாள் அவசரத்துக்கு என்னிடம் ஒரே ஒரு பழக்கம்தான், எல்லாத் தாளும் முந்தைய நாளே தயாராக இருக்க வேண்டும். 2015 ஆகஸ்ட் 31 அன்று டேவிட் டி கியா ரியல் மாட்ரிட்டுக்குப் போகவேண்டியது, தாள்கள் நேரத்துக்குப் போய்ச் சேராமல் நின்றுபோனது உலகம் முழுக்கத் தெரியும். 2017-ல் ஏட்ரியன் சில்வா லெஸ்டருக்குப் போனபோது பதிவு 14 விநாடி தாமதம் என்றார்கள். ஜனவரி வரை அவரால் லெஸ்டருக்கு ஆட முடியவில்லை. இவர்களெல்லாம் பெரிய கிளப், பெரிய அலுவலகம். கீழ் லீக்கில் எழுத்தர் ஒருவரே எல்லாம் பார்க்கும் கிளப்பில் நிலைமை எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஆடும் காலத்தில் நமக்குத் தெரிந்த காத்திருப்பு வேறு, ஹோட்டல் அறையில் டிவி பார்த்துக்கொண்டு இருப்போம். அந்தப் பக்கம் யாரோ பெயரின் எழுத்துக்கூட்டல் பாஸ்போர்ட்டோடு பொருந்துகிறதா என்று சரிபார்த்துக்கொண்டிருப்பார்கள். இப்போது அந்த யாரோ நாம்தான்.

ஆட்டக்காரர் நன்றாக ஆடும்போது ஏஜென்டுக்குப் பெரிய வேலை இல்லை என்பது என் எண்ணம். அவர் ஆடாதபோதுதான் நாம் தேவை. முழங்கால் தசைநார் அறுந்து, ஒப்பந்தம் முடியச் சில மாதங்களே இருக்கும் ஒருவரிடம் போய் உட்கார்ந்து பாருங்கள். அணித் தோழர்கள் முதல் வாரம் வருவார்கள், பிறகு அவர்களுக்கு ஆட்டம் இருக்கும். கிளப்பில் அவர் ஃபிசியோ அறையிலும் ஜிம்மிலும் தனியாகக் கிடப்பார், மற்றவர்கள் பயிற்சிக்குப் போகும் நேரத்தில் அவர் வருவார். நான் அதில் கிடந்திருக்கிறேன், அந்த அறையின் கடிகாரச் சத்தம்கூட நினைவிருக்கிறது. அதனால் காயம் பட்ட ஆட்டக்காரருக்குக் கூப்பிடும்போது 'எப்படி இருக்கே' என்று கேட்பதில்லை. இன்று எத்தனை டிகிரி மடக்க முடிந்தது, டாக்டர் அடுத்து எப்போது பார்க்கிறார், அவர் சொன்னதை எழுத்தில் வாங்கினாயா என்று கேட்பேன். இன்னொரு பக்கம் அவர் பழைய ஆட்டங்களின் வீடியோவைத் தொகுத்து வைத்து, இரண்டு மூன்று கிளப்களிடம் 'இந்த மாதம் ஓட ஆரம்பிக்கிறார், வந்து பாருங்கள்' என்று மெதுவாகப் பேச்சைத் தொடங்குவேன். ஒப்பந்தத்தின் கடைசி ஆறு மாதத்தில் வேறு கிளப்போடு பேசி முன்கூட்டியே கையெழுத்திட ஆட்டக்காரருக்கு உரிமை உண்டு. பெல்ஜிய ஆட்டக்காரர் ஜான் மார்க் போஸ்மன் வழக்கில் 1995 டிசம்பரில் வந்த தீர்ப்புக்கு முன், ஒப்பந்தம் முடிந்த பிறகும் பழைய கிளப் பணம் கேட்டு ஆளைப் பிடித்து வைக்க முடிந்தது. அந்தச் சுதந்திரத்துக்காக அந்த மனிதர் தன் ஆட்ட வாழ்க்கையையே இழந்தார். அவர் பெயரைக் கேள்விப்படாத இளம் ஆட்டக்காரர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும், உட்காரவைத்துச் சொல்லிவிட்டுத்தான் விடுவேன்.

பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பவருக்கும் விதியில் ஒரு சிறு கதவு உண்டு. நிலைபெற்ற, அதாவது பயிற்சிக் காலம் முடித்த, தொழில்முறை ஆட்டக்காரர் ஒரு சீசனில் தன் கிளப்பின் அதிகாரப்பூர்வப் போட்டிகளில் பத்து சதவீதத்துக்கும் குறைவாகவே ஆடியிருந்தால், விளையாட்டுக் காரணத்துக்காக ஒப்பந்தத்தை முறிக்கக் கோரலாம், ஆனால் கிளப்பின் கடைசிப் போட்டி முடிந்த பதினைந்து நாளுக்குள் அதைச் செய்துவிட வேண்டும். இழப்பீடு கேட்கப்படலாம், அதனால் எல்லாருக்கும் பொருந்தாது. பெரும்பாலும் இந்த விதியை நான் பயன்படுத்துவதே இல்லை, ஆனால் அது நமக்குத் தெரியும் என்பது கிளப்புக்குத் தெரிந்தால் லோனுக்கு, அதாவது தற்காலிகமாக வேறு கிளப்புக்கு, அனுப்பும் பேச்சு வேகமாக நடக்கும்.

விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன, ஒருமுறை படித்தோம் முடிந்தது என்று இருக்க முடியாது. பிரெஞ்சு ஆட்டக்காரர் லசானா டியாரா வழக்கில் 2024 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம் ஒப்பந்த முறிவு பற்றிய ஃபிஃபா விதிகள் சில ஐரோப்பியச் சட்டத்துக்கு முரணானவை என்றது, ஃபிஃபா இடைக்கால மாற்றம் கொண்டுவர வேண்டியிருந்தது. கமிஷன் விஷயமும் அப்படித்தான். புதிய விதியில், ஆட்டக்காரருக்காகப் பேசும் ஏஜென்டுக்கு ஆண்டுச் சம்பளம் 200,000 டாலர் வரை 5 சதவீதம், அதற்கு மேலுள்ள தொகைக்கு 3 சதவீதம் என்று உச்சவரம்பு போட்டார்கள். ஏஜென்டுகள் வழக்குப் போட்டார்கள், ஜெர்மனியில் டோர்ட்முண்ட் நீதிமன்றம் தடை கொடுத்தது, 2023 டிசம்பர் 30 அன்று ஃபிஃபா அந்த உச்சவரம்பு உள்பட பல பிரிவுகளை உலகம் முழுக்க நிறுத்திவைத்தது. லைசென்ஸும் தேர்வும் நிற்கவில்லை. என்னைக் கேட்டால் அந்த வரம்பு நியாயமானதுதான். தொழிலில் இருக்கும் நண்பர்கள் சிலருக்கு இதில் என்மேல் கோபம், இருந்துவிட்டுப் போகட்டும். ஆட்டக்காரரின் வருமான காலம் பத்துப் பன்னிரண்டு வருடம்தான், நமக்கு அறுபது வயது வரை வேலை இருக்கிறது.

பணம் பற்றிப் பேசும்போது இரட்டைப் பிரதிநிதித்துவத்தையும் சொல்லவேண்டும். ஆட்டக்காரருக்கும் அவரை வாங்கும் கிளப்புக்கும் ஒரே ஏஜென்ட் இருவரின் முன்கூட்டிய எழுத்துச் சம்மதத்தோடு வேலை செய்யலாம் என்று விதியில் இடம் இருக்கிறது. நான் செய்வதில்லை. ஆடிய காலத்தில் என் சம்பளத்தைப் பேசியவருக்குக் கிளப்பும் பணம் கொடுக்கிறது என்று பிறகு தெரியவந்தபோது, பேச்சில் அவர் விட்டுக்கொடுத்த ஒவ்வொன்றும் மனதில் திரும்ப ஓடியது. அந்தச் சந்தேகத்தை என் ஆட்டக்காரர் ஒருவருக்கும் கொடுக்க விருப்பமில்லை.

சின்னப் பையன்கள் விஷயத்தில் இன்னும் கண்டிப்பு வேண்டும். முதல் தொழில்முறை ஒப்பந்தம் போடும் வயதுக்கு ஆறு மாதத்துக்கு முன்னால்தான் அணுகலாம், அதுவும் பெற்றோரின் எழுத்துச் சம்மதத்தோடு. சிறுவர்களுக்காக வேலை செய்ய ஏஜென்ட் அதற்கென்று தனிப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். பதினெட்டு வயதுக்கு உட்பட்ட ஆட்டக்காரரின் ஒப்பந்தம் மூன்று வருடத்துக்கு மேல் போனால் ஃபிஃபா அந்த மீதியைக் கணக்கில் எடுக்காது, பெரியவர்களுக்கு ஐந்து. பெற்றோரைச் சந்திக்கும்போது பெரிய கிளப் பெயர்களை நான் எடுப்பதில்லை. பையன் காலை எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறான், பள்ளியில் எந்தப் பாடம் பிடிக்கும், தோற்ற நாளில் வீட்டில் எப்படி இருப்பான் என்று கேட்பேன். ஒரு தாய் என்னிடம், "இது சரிவராவிட்டால் அவனுக்கு என்ன இருக்கும்?" என்று ஒரே கேள்வி கேட்டார். அன்றைக்கு ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசவே இல்லை, படிப்பை நிறுத்தாமல் பயிற்சி நேரத்தை அமைப்பது எப்படி என்றுதான் இரவு வரை பேசினோம். அகாடமிக்குள் போகும் பையன்களில் மிகச் சிலர்தான் இதில் பிழைப்பு நடத்தும் இடத்துக்கு வருகிறார்கள், இதைப் பெற்றோரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லாதவர் ஏஜென்ட் ஆக வேண்டாம்.

கூட ஆடிய நண்பர்களுக்கு ஏஜென்டாக இருப்பது எல்லாவற்றையும்விடக் கடினம். ஒரே அறையில் தங்கியவன், கல்யாணத்துக்கு முன்வரிசையில் நின்றவன், 'எனக்கு இன்னும் முதல் டிவிஷன் கிடைக்கும்' என்று நம்பும்போது, வந்திருப்பது மூன்றாவது டிவிஷன்தான், இதை இந்த வாரம் எடுக்காவிட்டால் அதுவும் போகும் என்று அவன் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும். நாம் சொல்லாவிட்டால் சந்தை சொல்லிவிடும், அதற்குள் டிரான்ஸ்பர் காலம் மூடியிருக்கும். இதனால் ஒரு நண்பனோடு பேச்சு நின்றது, இன்னும் ஒட்டவில்லை. ஆனாலும் அடுத்தவரிடமும் அதையேதான் சொன்னேன்.

ஆகவே ஓய்வு பெறப்போகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். முதல் சில வருடங்களுக்கு வருமானம் இல்லாமல் குடும்பம் நடக்க சேமிப்பு இருக்கிறதா என்று வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள், ஏனென்றால் இளம் ஆட்டக்காரரின் சம்பளத்தில் 5 சதவீதம் என்பது போக்குவரத்துச் செலவுக்கே போய்விடும். ஒரேயடியாகப் பத்துப் பேரோடு ஒப்பந்தம் போடாதீர்கள், ஒவ்வொருவரின் ஆட்டத்தையும் நேரில் பார்க்க முடிகிற எண்ணிக்கையோடு நில்லுங்கள். பிரதிநிதித்துவ ஒப்பந்தம் ஆட்டக்காரரோடு அதிகபட்சம் இரண்டு வருடம்தான், தானாக நீளாது, அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அவர் உங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். அப்புறம் வீட்டில் அலமாரியில் கிடக்கும் உங்கள் பழைய ஒப்பந்தங்களை எல்லாம் எடுத்துக்கொண்டு, அப்போது படிக்காமல் கையெழுத்துப் போட்ட பக்கங்களை ஒவ்வொரு வரியாகப் படித்து, இன்றைக்கு நீங்கள் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தால் எதை மாற்றக் கேட்டிருப்பீர்கள் என்று ஓரத்தில் எழுதுங்கள். எழுதியதை எடுத்துக்கொண்டு என்னிடம் வாருங்கள், உட்கார்ந்து பேசலாம்.